அக்கா குறுக்கிடுகிறார்

யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் அக்காவிடமிருந்துதான் வரும். கேட்கப்பட்டவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லி முடித்திருப்பார். டாக்டர் கேட்டாலும் சரி, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் கேட்டாலும் சரி, வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி கேட்டாலும் சரி. "உங்களுக்குச் சீனி போடட்டோ?" என்று ஒருவரைக் கேட்டுவிட்டு, "வேண்டாம், உங்களுக்குச் சீனி வருத்தம்" என்று தானே பதிலும் சொல்லித் தேநீரை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்கள் அவரோடு பழகினேன். அதில் பெரும்பகுதி, அவரைப் பேசாமல் உட்காரவைப்பது எப்படி என்ற யோசனையிலேயே போயிற்று.

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் நாங்கள் இருந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு ஆய்வு வேலை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த நான் அவரோடு வந்தேன். ஜெர்மன் வகுப்புகள் முடிந்ததும் பகல் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. பேக்கரியில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வரலாற்று நூலகத்தில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தேன்.

நூலகம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் முற்றத்தைத் தாண்டிப் போனால் இரண்டு அறைகள். அலமாரி முழுக்கச் சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள். அந்த ஊர் ஊசித் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் புகைப்படங்கள், கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்த சுவரொட்டிகள், யாரோ சமையலறையில் உட்கார்ந்து அச்சடித்த துண்டறிக்கைகள் எல்லாம் அவற்றுக்குள் இருந்தன. துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பிகளைத் தாள் கிழியாமல் பிடுங்குவதுதான் எனக்கு முதலில் கிடைத்த வேலை. புதன்கிழமை பிற்பகலில் எல்லாருக்கும் காபி உண்டு. மாணவிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரக்கச் சண்டை போடுவார்கள். ஆண்களை உள்ளே விடலாமா என்ற சண்டை நான் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. நான் விலகும்போதும் முடிந்தபாடில்லை.

நூலகத்தை நடத்தியவர் பிரிகிட்டே. ஐம்பது வயதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுவார், நினைத்ததை விடமாட்டார். வெளிநாடுகளிலிருந்து அந்த நகரத்துக்கு வந்த பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். துருக்கிப் பெண்களையும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களையும் பதிவு செய்தாயிற்று.

"இத்தனை தமிழ்ப் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை," என்றார் பிரிகிட்டே. "நாளைக்கு ஒருத்தி வந்து தேடினால், அவர்கள் இந்த ஊரில் வாழவே இல்லை என்றுதான் நினைப்பாள். நீங்கள் தமிழர்தானே?"

தமிழர்தான். ஆனால் அவர் சொன்ன தமிழ்ப் பெண்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கும் நேரத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "நீங்கள் இந்தியாவோ?" என்று சிரிப்பார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்கள். மூன்றாவது வாரம் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆரைத் தேடுறியள் தங்கச்சி?"

கறுப்புக் குளிர்க்கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, தொப்பிக்குக் கீழே பெரிய குங்குமப் பொட்டு. விஷயத்தைச் சொன்னேன். பாதிக்கு மேல் என்னைச் சொல்ல விடவில்லை.

"விளங்குது, விளங்குது. பொம்பிளையளின்ரை கதை. நான் கூட்டிக்கொண்டு வாறன். எனக்கு மத்தியானத்தோடை வேலை முடிஞ்சிடும்."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் அந்த ஊர்த் தமிழ்ப் பெண்களுக்கு வாய் அவர்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பல் பிடுங்க, வீட்டு உரிமையாளரோடு சண்டை போட, நேரம் குறித்துப் போகும் எந்த டெர்மினுக்கும் அக்காவைத்தான் கூட்டிப் போவார்கள். அவருடைய ஜெர்மன் வேகமானது. இலக்கணத்தில் பாதி இருக்காது, ஆனால் எதிரே இருப்பவர் கடைசியில் தலையாட்டிவிடுவார்.

சொன்னபடி அடுத்த புதன்கிழமை ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ். பழைய துண்டறிக்கைகளுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பண்டமா என்று பிரிகிட்டே பதறினார். ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

முதலில் உட்கார்ந்தவர் பூமணி அம்மா. வந்தவர்களில் மூத்தவர். பதிவுக் கருவியை ஓடவிட்டு, "நீங்க இங்க வந்த அந்த முதல் நாள் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

பூமணி அம்மா மேசையைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இவ பெர்லின் வழியா வந்தவ," என்றார் அக்கா. "கடைசிப் பெடியன் கைக்குழந்தை. அகதி முகாமிலை ஒரு அறைக்குள்ளை ரெண்டு குடும்பம். என்னக்கா?"

"ஓம்," என்றார் பூமணி அம்மா.

"அக்கா, அவங்களே சொல்லட்டுமே," என்றேன்.

"ஓமோம், அவ சொல்லட்டும். சொல்லுங்கோ அக்கா. அந்தப் பெடியனுக்குக் காய்ச்சல் வந்ததைச் சொல்லுங்கோ. நடுச்சாமத்திலை காய்ச்சல். ஒரு மருந்தும் இல்லை. இவ ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு விடியுமட்டும் இருந்தவ."

"ஓம்," என்றார் பூமணி அம்மா மறுபடியும்.

வீட்டில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தேன். பக்கம் பக்கமாக அக்காதான். பிரிகிட்டே படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் எங்கே?" என்று கேட்டார்.

அதன்பிறகு நாங்கள் செய்து பார்க்காத தந்திரம் இல்லை. அக்காவைப் பக்கத்து அறையில் காபி போடச் சொல்லி அனுப்பினோம். உள்ளே இருந்த பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்காவைக் கேளுங்கோவன், என்ரை கதை அவவுக்கு வடிவாத் தெரியும்" என்றார். அக்கா வேலையில் இருக்கும் காலைநேரத்தில் வரச் சொன்னோம். ஒருவரும் வரவில்லை. மாறாக அக்கா மாலையில் வந்து நின்றார். "காலமை கூப்பிட்டனீங்களாம். அவையளுக்கு வழி தெரியாதெல்லோ. இனி என்னட்டைச் சொல்லுங்கோ" என்றார். கோபமே இல்லை. உண்மையாகவே எங்களுக்கு உதவுவதாகத்தான் அவர் நினைத்தார். ஒருநாள் பிரிகிட்டே அவரை எதிரே உட்காரவைத்து, வரலாற்றுப் பதிவு என்றால் என்ன, ஒருவர் நினைவை இன்னொருவர் சொல்லக் கூடாது என்பது ஏன் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அவ சொல்லுறது சரிதான். ஆக்கள் குறுக்கை கதைக்கக் கூடாது" என்றார். அடுத்த பதிவில் ஒன்றும் மாறவில்லை. தட்டச்சுத் தாளில் "அக்கா குறுக்கிடுகிறார்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுப் போட்டு எனக்கே சலித்துவிட்டது.

அக்கா இல்லாமல் ஒருவரும் வருவதில்லை. அக்கா வந்தால் ஒருவரும் பேசுவதில்லை. இதுதான் எங்கள் நிலைமை.

ரதியின் பதிவில்தான் வேறொன்றைக் கவனித்தேன். ரதிக்கு என் வயது இருக்கும். பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை. அன்று பிரிகிட்டேயும் கூட இருந்ததால் ரதி தமிழில் சொல்வதை அக்கா ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார். ரதி குரலைத் தாழ்த்தி, "எனக்கு இஞ்சை வர விருப்பமே இல்லை. நான் வாத்தியார் வேலைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனான். கலியாணம் பேசி அனுப்பிப்போட்டினம். பிளேனிலை அழுதுகொண்டுதான் வந்தனான்" என்றாள்.

அக்கா பிரிகிட்டேயைப் பார்த்து ஜெர்மனில் சொன்னார்: "திருமணமாகிக் கணவரிடம் வந்து சேர்ந்ததில் இவருக்கு மிகவும் மகிழ்ச்சி."

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். ரதியும் மற்றவர்களும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

"அக்கா, ரதி சொன்னதை நீங்க மாத்திச் சொன்னீங்க."

"என்னத்தை மாத்தினனான்?"

"அழுதுக்கிட்டே வந்தேன்னு சொன்னாங்க. நீங்க சந்தோஷமா வந்தாங்கன்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும்க்கா."

அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டார். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி. இவையள் கேக்கேக்கை அன்பாத்தான் கேப்பினம். தேத்தண்ணி எல்லாம் தந்துதான் கேப்பினம். ஆனால் எழுத்திலை வந்தது எழுத்திலைதான் நிக்கும். நாளைக்கு ஒருத்தன் எடுத்து வாசிச்சுப்போட்டு, வர விருப்பமில்லையெண்டால் ஏன் வந்தனி, திரும்பிப் போ எண்டால்?"

"இது லைப்ரரிக்கா. ஆபீஸ் இல்ல."

"உங்களுக்கு லைப்ரரி." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருந்தவள். அகதியா ஏற்கச் சொல்லி அசூல் கேட்டு வந்தவள். விசாரணையிலை அவளின்ரை புருசன் ஒரு மாதிரிச் சொல்லியிருக்கிறான், இவள் நடந்ததை நடந்த மாதிரிச் சொன்னவள். மொழிபெயர்க்க வந்த ஆள் நல்ல படிச்ச ஆள். சொல்லுக்குச் சொல் அப்பிடியே சொன்னவர். ரெண்டு கதையும் பொருந்தேல்லை எண்டு கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். நான் வெளியிலை வாங்கிலை இருந்தனான். என்னை உள்ளை விடேல்லை."

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனாங்க?"

"பஸ் வருது," என்றார்.

காரணம் புரிந்தது. ஆனால் புரிந்ததால் என் எரிச்சல் குறையவில்லை. ரதிக்கு அப்போது நிரந்தர விசா கிடைத்துப் பல வருடமாகியிருந்தது. பூமணி அம்மாவின் கைக்குழந்தை வளர்ந்து கார் பழுதுபார்க்கும் பயிற்சியில் இருந்தான். யாரும் யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அக்கா மட்டும் இன்னும் விசாரணை அறைக்கு வெளியே அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் தன் பக்கத்தில் பிடித்து உட்காரவைத்திருந்தார்.

அடுத்த மார்ச்சில் மகளிர் தினத்தன்று நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார் பிரிகிட்டே. பல நாட்டுப் பெண்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். தமிழில் ரதி. நான் மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு எங்கடை பேச்சு பாதி விளங்காது" என்று அக்கா தீர்மானித்துவிட்டார். தமிழ்ப் பெண்கள் பட்டுச்சேலை உடுத்தி, மேலே குளிர்க்கோட்டோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை என்பது ஒரு கம்பளமும் இரண்டு நாற்காலிகளும்தான்.

ரதி பேசினாள். அக்கா ஒலிவாங்கியில் ஜெர்மனில் சொன்னார். ஊர், பள்ளிக்கூடம், போர் என்று ஒழுங்காகத்தான் போனது. கல்யாணத்துக்கு வந்தபோது அக்கா பழையபடி, "மிகவும் மகிழ்ச்சியாக வந்து சேர்ந்தார்" என்றார்.

"இல்லை," என்றாள் ரதி, ஜெர்மனில். "நான் அப்படிச் சொல்லவில்லை."

அக்கா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இவர் எப்போதும் வேடிக்கையாகப் பேசுவார்."

ரதி அக்காவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. அக்கா கொடுக்கவும் இல்லை. "பகிடி இல்லை அக்கா. இதை நான்தான் சொல்லோணும். நானே சொல்லுறன்."

பிறகு ஜெர்மனிலேயே சொன்னாள். தவறுகளோடு, நிறுத்தி நிறுத்தி. விமானத்தில் அழுததை, படிப்பு பாதியில் நின்றதை, இன்று பள்ளிக்கூடங்களில் கரும்பலகையைத் துடைக்கும்போது அதில் எழுதியிருப்பதை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் துடைப்பதை. ஆசிரியைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரிகிட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் ஒரு கைகூட அசையவில்லை. எல்லாரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதியைத் தாண்டாமல் வெளியேற வழியில்லாததால் அக்கா கடைசிவரை அந்த நாற்காலியிலேயே கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கோட்டை எடுத்தார். இரண்டாவது வரிசை முழுவதும் அவரோடு எழுந்து போனது.

அதோடு தமிழ்ப் பெண்கள் வருவது நின்றது. ரதி மட்டும் வந்தாள். ஒரு குரல் கிடைத்தது என்று பிரிகிட்டே சமாதானம் சொன்னார். மற்ற அத்தனையும் போய்விட்டதே என்று எனக்குத் தோன்றியது. வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். தேநீர் தந்தார்கள், பிள்ளைகளின் படங்களைக் காட்டினார்கள், பதிவு என்றதும் "அக்கா வந்தால் வாறம்" என்றார்கள்.

அந்தக் கோடையில் பூமணி அம்மா இறந்துபோனார். சில வாரம் கழித்து அவர் மகள் நூலகத்துக்கு வந்தாள்.

"அம்மான்ரை குரல் உங்களிட்டை இருக்கெண்டு சொன்னவை. எங்களிட்டை வீடியோ ஒண்டும் இல்லை. ஒருக்காக் கேக்கலாமோ?"

ஒலிநாடாவைப் போட்டுக் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அக்கா, அக்கா, நடுவில் ஒரு "ஓம்". மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாதியில் கையைத் தூக்கி, "திரும்பப் போடுங்கோ" என்றாள். போட்டேன். பூமணி அம்மா இருமுகிற இடம். "இது அம்மாதான்," என்றாள். "இப்பிடித்தான் இருமுவா." அந்த இருமலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். கத்தவேண்டும் என்றுதான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் கை நின்றது. குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பூமணியக்கா என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லுறன்."

"அதுதான்க்கா பிரச்சினையே!" என்றேன். "உங்களுக்குத் தெரியும். எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது அவங்கம்மா குரல். அதை நீங்க குடுக்க முடியுமா?"

அவர் மறுபடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். தேநீர் போடட்டுமா என்று கேட்கவில்லை. நான் வந்துவிட்டேன். வயதில் மூத்த ஒருவரை அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் என் கணவருக்கு மியூனிக்கில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைசிப் புதன்கிழமை எனக்காக நூலகத்தில் கேக் வெட்டினார்கள். ரதி வந்தாள். அவளுக்குப் பின்னால் அக்கா நின்றார். எப்படிச் சமாதானமானார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. "போறீங்களாம். சொல்லேல்லை?" என்றார் என்னிடம், நேற்றுப் பிரிந்தவர்போல.

பிரிகிட்டேவுக்கு அப்போதுதான் தோன்றியது. "நீங்களும் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்தானே. உங்களை நாம் பதிவு செய்யவே இல்லை." கருவியை எடுத்து மேசையில் வைத்து, எல்லாரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். "இந்த நாட்டுக்கு வந்தபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?"

என்னிடம் நல்ல பதில் தயாராக இருந்தது. புதிய மொழி, புதிய மனிதர்கள், கணவருக்கு நல்ல வாய்ப்பு. "மகிழ்ச்சியாக இருந்தது," என்று ஜெர்மனில் தொடங்கினேன்.

"பொய்," என்றார் அக்கா, அவரும் ஜெர்மனில். "இவர் அங்கே கல்லூரியில் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டு இங்கே வந்து பழைய தாள்களைத் துடைக்கிறார். வந்த புதிதில் தமிழ்க் கடையில் இவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அழுத முகம். ஒரு நாளும் மகிழ்ச்சி இல்லை."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட.

"என்னக்கா இது?" என்றேன் தமிழில். "ரதிக்கு மட்டும் சந்தோஷம்னு மாத்திச் சொன்னீங்க. என்னோடத மட்டும் எதுக்கு இப்படிப் போட்டு உடைக்கிறீங்க?"

"நீங்கள் இந்தியாக்காரர், தங்கச்சி," என்றார் அக்கா. "உங்கடை பாஸ்போட் உங்கடை கையிலை கிடக்கு. உங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம். அனுப்பினாலும் போய் இறங்க உங்களுக்கு ஒரு வீடு இருக்கு. உண்மையைச் சொல்லுறதிலை உங்களுக்கு என்ன நட்டம்?"

ரதி தலை குனிந்துகொண்டாள். நான் கையிலிருந்த கேக் கத்தியைத் தட்டில் வைத்தேன்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பிரிகிட்டே.

"ஒன்றுமில்லை," என்றார் அக்கா உடனே. "காபி ஆறுகிறது என்றேன்."

"இல்லை," என்றேன். "அவர் அப்படிச் சொல்லவில்லை."

அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் ஜெர்மனில் சொன்னேன். பிரிகிட்டே ரதியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு நான் முதல் கேள்விக்குத் திரும்பி, என் பதிலை மறுபடி தொடங்கினேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று வகுப்பில் பாதியில் நின்ற பாடத்திலிருந்து. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சொல் வராமல் நின்ற இடங்களிலெல்லாம் அவர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். சிலவற்றை வாங்கிக்கொண்டேன். சிலவற்றை வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் சொல் வரும்வரை அவரையும் காத்திருக்க வைத்தேன்.